ஏலத்தில் வென்றவர் ஏன் நட்டப்படுகிறார்?

கல்லடிக் கடற்கரையில் ஒரு பெட்டி பாரை மீன் ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தராசு இல்லை, கண்மதிப்புத்தான். ஒரு வியாபாரி 16 கிலோ என்கிறார், அடுத்தவர் 19, மூன்றாமவர் 25. பெட்டியில் இருப்பது 20 கிலோ. மூவர் மதிப்பின் சராசரியும் அதேதான். ஆனால் மீன் சராசரிக்குப் போவதில்லை, 25 என்று நினைத்தவருக்கே போகிறது. அவர் ஏமாளி அல்ல. கூட மதிப்பிட்டவர் எவரோ அவரே வெல்வார், ஏலத்தின் அமைப்பு அப்படி. 1971இல் மூன்று எண்ணெய்த்துறைப் பொறியியலாளர்கள் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான ஏலங்களில் இதைத்தான் கண்டார்கள்.

கம்பனியைக் கம்பனி வாங்கும்போதும் இதே கதை என்றார் பொருளியலாளர் ரிச்சர்ட் ரோல், 1986இல். அவருடைய வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பங்குச் சந்தையில் ஒரு கம்பனிக்கு ஏற்கெனவே விலை இருக்கிறது. அதற்குக் கீழே மதிப்பிட்டவர் பேசாமல் ஒதுங்கிவிடுவார், அந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. மேலே மதிப்பிட்டவர் மட்டுமே விலை கேட்டு வருவார். ஆகவே நம் கண்ணில் படும் பிழையெல்லாம் கூடக் கொடுத்த பிழைதான்.

சரி, நட்டத்தை எப்படி அளப்பது? பேரம் பற்றிய அறிவிப்பு வந்த அன்று வாங்கும் கம்பனியின் பங்கு விலை 5 வீதம் விழுகிறது என்று வைப்போம். அன்று மொத்தச் சந்தையும் 2 வீதம் இறங்கியிருந்தால், மிச்ச 3 வீதம்தான் அந்தப் பேரத்தின் கணக்கு. இப்படி அளந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 1998 முதல் 2001 வரை வேறு கம்பனிகளை வாங்கிய கம்பனிகளின் பங்குதாரர்கள், அதற்குச் செலவான ஒவ்வொரு டொலருக்கும் 12 சதம் இழந்திருந்தார்கள். மொத்தம் 24,000 கோடி டொலர்!

நம்மூரில் எயார்டெல் சிம் வைத்திருந்தவர்களுக்கு 2024 நினைவிருக்கும். எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. அதில் இந்திய பாரதி எயார்டெல் காசு வாங்கவில்லை, டயலொக்கின் 10.355 வீதப் பங்கைப் பெற்றது. சம்மாட்டி, அதாவது படகுக்காரர், மீனைக் காசுக்கு விற்காமல், வியாபாரியின் கடையிலேயே பங்கு எடுத்துக்கொண்ட மாதிரி. இந்த ஏற்பாட்டில் பெட்டியில் 25 கிலோ இல்லாவிட்டால், அந்தக் குறையில் ஒரு பங்கு சம்மாட்டிக்கும் வந்து சேரும்.