எந்த டயாலிசிஸில் ஆயுள் கூடும்?

சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், இயந்திரத்தில் செய்துகொள்வதா, வயிற்றின் வழியே செய்துகொள்வதா, எதில் அதிக நாள் இருக்கலாம் என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவருக்கு, டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வர வேண்டிய மலைப்பாதையும் இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

இயந்திர முறையான ஹீமோடயாலிசிஸில், கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலா வழியாக நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகித் திரும்புகிறது. ஒரு முறைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 3 முறை என்பது வழக்கம். வயிற்று வழி டயாலிசிஸில், குடலைச் சூழ்ந்திருக்கும் சவ்வே வடிகட்டியாகிறது. குளுக்கோஸ் கலந்த திரவத்தைப் பெரும்பாலும் 2 லிட்டர் அளவில் குழாய் வழியே உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும்; நாளுக்கு 4 முறை. உதகையின் டிசம்பர் குளிரில் பையைச் சூடாக்காமல் விட்டால் உடல் நடுங்கும், ஆனால் வெந்நீரில் முக்கக் கூடாது, ஈரத்தின் வழியே கிருமி புகுந்துவிடும். வடிந்த திரவம் தெளிவாக இல்லாமல் கலங்கலாக வந்தால், வயிற்றுச் சவ்வில் தொற்று என்று கருதி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்விரண்டில் எது ஆயுளைக் கூட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளைப் பிரித்துச் சோதிப்பதே சரியான வழி. நெதர்லாந்தில் அதற்கு முயன்றபோது சம்மதித்தவர்கள் 38 பேர் மட்டுமே. ஆகவே டயாலிசிஸ் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வைக்கும் பதிவேடுகளை நம்ப வேண்டியிருக்கிறது. பல பதிவேடுகளில் முதல் ஓரிரு ஆண்டுகளில் வயிற்று வழி முறையினர் அதிகம் பிழைத்திருந்தார்கள். பிறகு அந்த வேறுபாடு குறைந்தது, முதிய நீரிழிவு நோயாளிகளிடம் சில நாடுகளில் தலைகீழாகவும் ஆனது. ஆனால் வயிற்று வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்கள், திட்டமிட்டுத் தொடங்குபவர்கள். மூச்சுத் திணறலோடு வந்து, கழுத்தில் குழாய் போட்டு அவசரமாகத் தொடங்குபவர்களோ ஹீமோடயாலிசிஸ் கணக்கில் சேர்கிறார்கள். கனடாவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்கூட்டியே சிறுநீரக மருத்துவரைப் பார்த்து நிதானமாகத் தொடங்கியவர்களை மட்டும் ஒப்பிட்டது. இரு முறைகளிலும் பிழைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

முறையைவிட முக்கியமாக நான் கருதுவது, பழுதான சிறுநீரகத்திலிருந்து இன்னும் மிஞ்சி வரும் சிறுநீர். கனடாவிலும் அமெரிக்காவிலும் வயிற்று வழி நோயாளிகளிடம் சேகரித்த தரவுகளை 2001-இல் மறுபடி ஆராய்ந்தபோது, நாளுக்கு 250 மில்லிலிட்டர் சிறுநீர் கூடுதலாகப் போனவர்களிடம் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைந்திருந்தது. அந்த மிச்சத்தை வயிற்று வழி முறை பொதுவாகக் கூடுதல் காலம் காப்பாற்றுகிறது. கண்டபடி வலி மாத்திரை வாங்கி விழுங்குவது அதை அழித்துவிடும்.

அடுத்தது இடைவெளி. வாரத்துக்கு 3 முறை என்றால், ஒரு முறை மட்டும் 2 நாள் இடைவெளி விழும். அமெரிக்காவில் 32,000-க்கும் மேற்பட்ட ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளைப் பார்த்த 2011 ஆய்வு, வாரத்தின் நீண்ட இடைவெளிக்கு மறுநாள் இறப்பு மற்ற நாள்களைவிடக் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்த இடைவெளியில் நீரும் பொட்டாசியமும் உடலில் தேங்குகின்றன. ஊர் மையத்துக்கு எளிதாகப் போய்வரும் நோயாளிகளுக்கே இந்த நிலை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதுபோல் மழை பெய்து, மண் சரிந்து, சாலை அடைபட்டால் ஒரு தவணையே தவறிப்போகும். வயிற்று வழியில் இந்த நெடும் இடைவெளி இல்லை, பைகள் கையிருப்பில் இருந்தால் போதும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. சுத்தமான ஓர் அறையும், கை கழுவுவதில் சோம்பல் படாத ஒரு துணையும் உள்ள மலைவாசி, வயிற்று வழியைப் பற்றி முதலில் விசாரிப்பதே சரி என்பது என் கருத்து. பார்வை மங்கியவர், தனியாக வசிப்பவர், வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சைகள் ஆனவர் ஆகியோருக்கு மையமே பொருத்தமாக இருக்கலாம்.

எந்த முறையானாலும் முன்கூட்டியே தயாராக வேண்டும். ஹீமோடயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா பக்குவப்பட 6 முதல் 8 வாரமாவது ஆகும். வயிற்றுக் குழாயும் ஆற 2 வாரம் விடுவது வழக்கம். சிறுநீரகம் பழுதாவதை ரத்தத்தில் காட்டும் கழிவான கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகும் நிலையிலேயே, மூச்சு வாங்கும்வரை காத்திராமல், இதை மருத்துவரிடம் பேசித் தீர்மானிக்க வேண்டும்.