ஆதென்டிக் மார்க்கிங்: உரிய படைக்குறி

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தும்போது இப்படி ஒரு பலகை வைக்கிறார்கள்: 'நம்பகமான அடையாளங்களுடன் புதுப்பிக்கப்பட்ட இரண்டாம் உலகப்போர் ஜீப்'. வண்டியில் எழுதிய ராணுவ எண்ணையும் சின்னத்தையும் சொல்லும் 'ஆதென்டிக் மார்க்கிங்' என்ற ஆங்கிலம்தான் இங்கே 'நம்பகமான அடையாளம்' ஆகியிருக்கிறது. ஒருமுறை என்றால் விட்டுவிடலாம், இப்போது எல்லோரும் அதையே எடுத்து எழுதுகிறார்கள். நம்பகம் என்பது ஆளுக்கும் செய்திக்கும் சொல்வது. பானெட்டில் அடித்த நட்சத்திரத்தை எதற்காக நம்ப வேண்டும்?

'ஆதென்டிக்' கிரேக்க வேர் கொண்டது. தானே அதிகாரம் உடையது என்ற கருத்தில் பிறந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'மார்க்' பழைய ஆங்கிலத்தில் எல்லையையும் குறித்தது, அடையாளத்தையும் குறித்தது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'அசல் குறி' என்கிறார்கள். பட்டறையிலும் இதுதான் புழக்கம். அரபியிலிருந்து வந்த சொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. அசலும் வட்டியும் நம் வாயில் அன்றாடம் வருவதுதான். பொருள் தப்பாகிறதே என்பதுதான் என் குறை. அசல் குறி என்றால் 1944-இல் ராணுவத்தில் அடித்த அதே பெயின்ட் இன்னும் இருக்கிறது என்று ஆகிவிடும். மேலே ஏறிய பெயின்ட் கோட்டுகளை நைஸ் எமரித் தாள் வைத்துப் பதமாகத் தேய்க்கும்போது அடியிலிருந்து மங்கலாக ஓர் எண் எழுந்து வருமே, அது அசல். அதே அளவில், அதே நிறத்தில், ஸ்டென்சில் வைத்து இன்று அடிப்பது அசல் ஆகாது, ஆனால் ஆதென்டிக். தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகல் எழுத்தையும், அதைப் பிழையில்லாமல் எடுத்த படியையும் ஒரே சொல்லால் யாராவது குறிப்பார்களா?

தூய தமிழ் என்று சிலர் சொல்லும் 'மெய்க்குறி'யும் உதவாது. மெய் என்றால் உடம்பும்தான், மச்சமும் தழும்பும்தான் நினைவுக்கு வரும்.

'உரிய படைக்குறி' என்பதே சரி. எண், நட்சத்திரம், டிவிஷன் சின்னம் எல்லாம் 'குறி'யில் அடங்கும். 'உரிய' என்றால் அந்த வண்டிக்கு, அந்தப் படைக்கு, அந்த ஆண்டுக்கு உரியது. அமெரிக்க ராணுவ ஜீப்பின் பானெட் எண் 20 என்று தொடங்கும். முதலில் எட்ட நின்று பார்த்தால் தெரியாத மங்கல் நீலத்தில் எழுதினார்கள், பிறகு வெள்ளைக்கு மாறினார்கள். அதே வில்லிஸ் கம்பெனி ஜீப் பிரிட்டிஷ் படைக்குப் போனால் எண்ணுக்கு முன்னால் 'எம்' வரும். 1944-இல் இம்பாலில் சண்டையிட்ட ஐந்தாம் இந்திய டிவிஷன் என்றால் கறுப்பில் சிவப்பு வட்டம், பதினேழாம் டிவிஷன் என்றால் கறுப்புப் பூனை. இவற்றையெல்லாம் கலந்து ஒரே வண்டியில் அடிப்பதும், போருக்குப் பல ஆண்டு கழித்து மகிந்திரா செய்த ஜீப்பில் 'யு.எஸ். ஆர்மி' என்று எழுதுவதும் உரிய குறி ஆகாது. அழகுக்கு அடித்தோம் என்று சொன்னால் சரி, வரலாறு என்று சொல்லக் கூடாது.

'புதுப்பித்தல்' கூடப் பொருந்தாது. லைசென்ஸைத்தான் புதுப்பிக்கிறோம், இந்த வண்டியைப் பழைய நிலைக்கு மீட்கிறோம். மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எழுதலாம். பார்த்திருந்தால் 'ஆர்ம் ஆஃப் சர்வீஸ்' என்பது 'சேவையின் கை' ஆகியிருக்காது. மட்கார்டில் உள்ள அந்த வண்ணச் சதுரம், வண்டி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று காட்டுவது. பிரிட்டிஷ் பீரங்கிப் படைக்கு மேலே சிவப்பு, கீழே நீலம். 'படைப்பிரிவுக் குறி' என்று எழுதினால் போதும்.