உறைபனி விழுந்த புல்லில் கால் வைக்காதீர்கள்

உறைபனி விழுந்த காலையில் கோல்ஃப் மைதானத்தின் கிரீன் மேல், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை மேல், நடக்கக் கூடாது. ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் என்று எந்த மலை மைதானத்துக்குப் போனாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பனி மூடிய புல் பார்க்க விறைப்பாக, உறுதியாகத்தான் இருக்கும். ஒருவர் குறுக்கே நடந்து போனால் அந்த நேரத்தில் எந்தச் சேதமும் தெரியாது. வெயில் ஏறிய பிறகுதான் அவர் வைத்த ஒவ்வோர் அடியும் கருக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் புல் வளர்வதே மெதுவாக என்பதால் அந்தத் தடம் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

புல்லின் பெரும்பகுதி தண்ணீர். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும்போது இலையின் மேலும், உள்ளே செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளிலும் பனிப்படிகங்கள் உருவாகின்றன. மெதுவாக உருவாகி மெதுவாக உருகினால் புல் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நிலையில் ஒரு மனிதரின் எடை மேலே விழுந்தால், வளைந்து கொடுக்க வேண்டிய இலை வளையாது. படிகங்களின் முனைகள் செல் சுவரைக் கிழித்துவிடும். உருகியதும் செல்லுக்குள் இருந்ததெல்லாம் வெளியே கசிந்து, இலை செத்துப்போகும். அதனால்தான் பனி முழுக்க உருகும்வரை ஆட்டத்தைத் தள்ளி வைக்கிறார்கள். அரை மணி நேரம் பொறுத்தால் ஒரு மாத வேலை மிச்சம்.

உறைபனி எங்கே விழும் என்பதும் தற்செயல் இல்லை. நவம்பரில் முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்பது நீலகிரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வரிசை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குப் போய்விடும். மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். இல்லாவிட்டால் தரையை ஒட்டிய புல், நம் தலை உயரத்தில் இருக்கும் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே புல்லில் பனி உறைந்திருப்பது இதனால்தான். குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டிப் பக்கமுள்ள தலைக்குந்தாவும் காந்தலும் ஒவ்வொரு பனிக்காலத்திலும் செய்தியில் அடிபடுவதற்குக் காரணம் அவற்றின் தாழ்வான நிலம். ஒரே மைதானத்தில் மேட்டிலுள்ள கிரீன் பச்சையாகவும், இருநூறு அடி தள்ளிப் பள்ளத்திலுள்ள கிரீன் வெள்ளையாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் என்ற செடியை வைத்து மூடுவார்கள். அந்த மூடாக்கு, செடியின் வெப்பம் வானத்துக்குப் போகாமல் தடுக்கிறது. ஏக்கர் கணக்கிலான புல்வெளியை அப்படி மூட முடியாது. எனவே விடிந்ததும் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் விட்டுப் பனியைக் கழுவுகிறார்கள். தொட்டித் தண்ணீர் பனியைவிடச் சூடானது, அதன் வெப்பம் பனியை உருக்குகிறது. நேரம் மட்டும் முக்கியம். கடுங்குளிர் இருக்கும்போதே கொஞ்சமாகத் தெளித்தால் அந்தத் தண்ணீரும் உறைந்து பனி இரட்டிப்பாகும். சூரியன் எழும் நேரத்தில் தாராளமாக விட வேண்டும்.

என்னைக் கேட்டால், பனிக்கு ஸ்பிரிங்ளரைவிட நல்ல மருந்து காலை வெயில்தான். மலை மைதானங்களில் கிரீன்களின் கிழக்குப் பக்கம் பைன், சீகை (வாட்டில்), யூகலிப்டஸ் மரங்கள் நெருக்கமாக நிற்பது வழக்கமான காட்சி. அந்த நிழல் உள்ள கிரீனில் பனி நெடுநேரம் கிடக்கும். மழைக்காலத்தில் அதே கிரீன்தான் முதலில் பாசி பிடிக்கும். மூன்று நான்கு மரங்களைக் கழித்துவிட்டாலே பனி, பாசி, பூஞ்சை மூன்றும் குறையும். மைதானத்தை மேம்படுத்துவது என்றதும் புதிய பங்கர் (மணற்குழி), புதிய குளம் என்று யோசிப்பவர்கள், முதலில் காலை ஏழு மணிக்கு எந்த கிரீனில் நிழல் விழுகிறது என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம்.

சரி, இந்த மலையில் எந்தப் புல் வளர்கிறது? சமவெளி மைதானங்களுக்கு அருகம்புல்லின் வகைகள்தான் ஆதாரம். வெயில் அதிகமாக அதிகமாக அவை செழிக்கும். குளிர்நாடுகளின் கிரீன்களில் இருக்கும் பென்ட் புல்லைச் சென்னையில் போட்டால் கோடையைத் தாண்டாது. பகலில் ஒளிச்சேர்க்கையில் சேர்த்த சர்க்கரையை, சூடான இரவில் சுவாசித்தே செலவழித்துவிடும். உதகை 2,200 மீட்டருக்கு மேல், கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில் இருக்கின்றன. இரவு குளிர்வதால் அந்தச் சர்க்கரை வேருக்குப் போய்ச் சேரும். சமவெளியில் கனவாக இருக்கும் புல் இங்கே ஆண்டு முழுக்கப் பிழைத்துவிடுகிறது.

கிரீன் வரை நீளும் ஆட்டப் புல்வெளிகளான ஃபேர்வேக்களில் அதிகம் பார்ப்பது கிக்குயு புல். கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்ந்த மலைப்பகுதியிலிருந்து வந்தது. மண்ணுக்கு மேலே ஓடும் தண்டு, கீழே ஓடும் தண்டு இரண்டாலும் பரவும். உறைபனியில் இதன் இலை பழுப்பாகக் கருகினாலும், மண்ணுக்குள் இருக்கும் தண்டு சாகாது. ஏப்ரலில் கோடை மழை இரண்டு விழுந்தால் போதும், மறுபடி பச்சை. மிதியைத் தாங்கும், சரிவு மண்ணைப் பிடித்துவைக்கும். இதன் வேகமே ஒரு சிக்கலும் ஆகும். அதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது மண்ணுக்குக் கீழே போகலாம். கோல்ஃப் மைதானத்தின் உண்மையான பொறியியல் அங்கேதான் இருக்கிறது.

மலையின் செம்மண்ணில் களி அதிகம். கிரீன் மேல் தினமும் ஆட்கள் நடக்க, மெஷின் ஓட, களிமண் இறுகும். இறுகிய மண்ணில் முதலில் காணாமல் போவது காற்று. வேரும் மூச்சு விட வேண்டும். ஆக்ஸிஜன் கிடைக்காத வேர் மேலேயே தங்கிவிடும், பனிக்கும் வறட்சிக்கும் முதலில் பலியாகும். இதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் ஒரு கட்டுமான முறையை வெளியிட்டது. உலகம் முழுவதும் இன்றும் அதையொட்டித்தான் கிரீன்கள் கட்டப்படுகின்றன. அடியில் வடிகால் குழாய், அதன்மேல் 100 மி.மீ. சரளை, அதற்கும் மேலே 300 மி.மீ. மணல் கலவை. பார்க்க எளிது. ஆனால் மணலுக்கு அடியில் சரளையை வைத்ததில்தான் நுட்பம்.

சரளையில் இடைவெளி பெரிது, தண்ணீர் வேகமாக இறங்கிவிடும் என்று நமக்குத் தோன்றும். நடப்பது வேறு. மணலின் சின்ன இடைவெளிகள் தண்ணீரை நுண்புழை விசையால் பிடித்துவைக்கும். சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுப்பு கிடையாது. எனவே தண்ணீர் எல்லைக்கோடு வரை வந்து நின்றுவிடும். மேலே எடை கூடி, அடிமணல் முழுக்க நனைந்த பிறகே கீழே சொட்டும். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவாக்கில் பிடித்துச் சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும். அடியில் தேங்கும் ஈரப்பட்டையின் உயரம் மாறுவதில்லை. உயரம் கூடினால் அதற்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். மணல் அடுக்கு 300 மி.மீ. இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது இதனால்தான். மேல்பாதியில் காற்று, அடியில் ஈரம். ஜூலை மழையில் வேர் மூழ்காது. பிப்ரவரி வறட்சியில் அடியிலுள்ள ஈரம் மேலே ஏறிவந்து கைகொடுக்கும். அடுக்கின் தடிமன் குறைந்தால் எப்போதும் சதசதப்பு, கூடினால் எப்போதும் காய்ச்சல்.

மணலும் ஏதோ மணலாக இருக்கக் கூடாது. பெரும்பகுதி கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகளாக இருக்க வேண்டும். பொடி அதிகமானால் இடைவெளிகள் அடைத்துக்கொள்ளும். மலைக்கு மணல் கீழிருந்து லாரியில் ஏறி வர வேண்டும் என்பதால், வந்த லோடைச் சலித்துப் பார்க்காமல் கொட்டுவது பல வருடத்துக்கான தலைவலி.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தனிக் கருவி வேண்டாம். கிரீனிலுள்ள குழியின் விட்டம் 108 மி.மீ. ஒரே இடத்தில் கூட்டம் மிதிக்காமலிருக்க அதை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். உருளை வெட்டியை மண்ணில் இறக்கி, திருகி, புல்லோடு ஒரு மண் உருளையை உருவுவார்கள். அந்த உருளையைப் பழைய குழியில் வைத்து, சுற்றிலும் அழுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். உருவிய அந்த உருளையை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை வேர் அடிவரை தொங்கினால் கிரீன் நலம். மேலேயே ஒரு அங்குலப் பழுப்பு நார் சேர்ந்திருந்தால், செத்த தண்டும் வேரும் மக்காமல் அடைந்து கிடக்கின்றன. நடுவில் கறுப்புப் பட்டை, அழுகிய முட்டை நாற்றம் என்றால் அங்கே ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்ற, அது இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது.

வைத்தியம், துளை போடுவது. விரல் தடிமனுள்ள குழல்களை நான்கு அங்குலம் வரை இறக்கி மண்ணை உருவி எடுத்து, துளைகளில் காய்ந்த மணலைத் தேய்த்து நிரப்புகிறார்கள். காற்று இறங்குகிறது, நார் வெளியேறுகிறது, இறுகிய மண் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மணலாக மாறுகிறது. ஆனால் துளை ஆறுவதற்குப் புல் வேகமாக வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். மலையில் அந்த நேரம் கோடை மழைக்குப் பிறகான ஏப்ரல், மே. அதுதான் சீசன். ஊரே நிறைந்திருக்கும்போது மைதானத்தைத் துளைத்துப் போட எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது. பனிக்காலத்துக்குத் தள்ளினால் துளைகள் ஆறாமல் கிடக்கும், குளிர் நேராக வேருக்கு இறங்கும். உதகைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓயும் செப்டம்பர்தான் சரியான இடைவெளி என்பது என் கருத்து. கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரின் வடகிழக்கு மழைதான் பெரிது என்பதால், அங்கே செப்டம்பரின் முதல் பாதிக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் மழை ஒன்றுபோல் இருக்காது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. குந்தா மலைத்தொடரின் மறைவில் இருக்கும் உதகை நகரத்துக்கு அந்த அளவு வருவதில்லை. ஆகவே வடிகாலை மாவட்டச் சராசரியை வைத்துப் போட முடியாது, அந்தச் சரிவில் விழும் மழையை வைத்துத்தான் போட வேண்டும்.

மழைக்காலத்தில் தண்ணீரைவிட மூடுபனி ஆபத்தானது. இலை பல மணி நேரம் நனைந்தே இருந்தால் பூஞ்சை வித்துகள் முளைக்கும். காலையில் புல் நுனியில் நிற்கும் துளி எல்லாமே பனிநீர் இல்லை. இரவில் வேர் தள்ளிய நீர் இலை நுனி வழியே வெளியேறியதும் அதில் உண்டு. அதில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கரைந்திருக்கும், பூஞ்சைக்கு அது நல்ல தீனி. நீளமான மூங்கில் கழியைக் கிரீன் மேல் இடமும் வலமுமாக வீசித் துளிகளை உதறிவிடுவது பழைய முறை. பூஞ்சைக்கொல்லிச் செலவைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இதே மாதங்களில் வெளிச்சமும் குறைவு. கிரீன் புல்லை 3 முதல் 5 மி.மீ. உயரத்துக்கு வெட்டுகிறார்கள். இலை குட்டையாக ஆக, வேரும் குட்டையாகும். ஜூலையில் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் பந்து கொஞ்சம் மெதுவாக ஓடும், புல் பிழைக்கும். ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. மழையால் நான்கு நாள் வெட்டாமல் விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் பழைய உயரத்துக்கே ஒட்ட வெட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

உரத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். மலை மண் புளிப்பானது. மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும், போட்ட உரம் புல்லுக்குப் போய்ச் சேராது. தேயிலைக்கு டோலமைட் இடுவதுபோல இங்கும் சுண்ணாம்புச் சத்து கொடுத்துப் புளிப்பைத் தணித்த பிறகே மற்றவை. தழைச்சத்தை மழைக்கு முன்னால் அள்ளிக் கொட்டினால் மணல் வழியே ஓடைக்குப் போய்விடும். நீலகிரியின் பெரும்பாலான ஓடைகள் மாயாறு, பவானி வழியாகக் காவிரிக்குத்தான் போகின்றன. கீழே குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன.

காட்டு விலங்குகளும் உண்டு. ஒரு டன் வரை எடை வளரும் காட்டுமாடு ஈரமான கிரீனைக் கடந்தால் குளம்பு அரையடி இறங்கும். காட்டுப்பன்றி இன்னும் மோசம், ஓர் இரவில் ஃபேர்வேயை உழுதுவிடும். பன்றி தேடுவது புல்லை அல்ல, வேர்ப்புழுவை. கோடை மழையில் வெளிவரும் வண்டுகள் மண்ணில் முட்டையிட, ஜூன், ஜூலையில் புழுக்கள் வேரைத் தின்கின்றன. புழு சின்னதாக இருக்கும் அந்த நேரத்தில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை மண்ணில் இட்டால் அது புழுவின் உடலில் வளர்ந்து கொன்றுவிடும். புழு இல்லாத புல்வெளியில் பன்றிக்கு வேலை இல்லை. வேலி போடுவதைவிட இது மேல். யானையும் காட்டுமாடும் நடக்கும் மலையில் மைதானத்துக்கு வேலி கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இப்போது கிக்குயு விஷயம். இந்த மலைகளின் சொந்தப் புல்வெளி, சோலைக்காடுகளுக்கு இடையே கொத்துக் கொத்தாக நிற்கும் உயரமான புற்களால் ஆனது. மழையை வாங்கி, சதுப்புகளில் தேக்கி, மெல்ல ஓடைக்கு விடுவது அதன் வேலை. சீகையும் யூகலிப்டஸும் அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே விழுங்கிவிட்டன. கிக்குயு கொத்துகளின் இடைவெளியில் நுழைந்து, தரையை முழுக்க மூடி, மற்ற விதைகளை முளைக்க விடாது. ஒட்ட வெட்டினாலும் தரையை ஒட்டியே பூத்து விதைக்கும். மாட்டுச் சாணத்தோடும் விதை பரவும்.

மைதானத்துக்குள் இதை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். எல்லையில் நிறுத்தலாம். பந்து போகாத சரிவுகளை வெட்டாமல், உரமிடாமல் விட்டுவிட வேண்டும். உரமும் மிதியும் இல்லாத ஏழை மண்ணில் கிக்குயுவின் வேகம் குறையும், சொந்தப் புல்லுக்கு வாய்ப்பு கிடைக்கும். அருகிலுள்ள நல்ல புல்வெளியில் விதை சேகரித்து நர்சரியில் நாற்று வளர்த்து, மழை தொடங்கும் ஜூனில் கொத்துக் கொத்தாக நட வேண்டும். கிக்குயுவுக்கும் சொந்தப் புல்லுக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தரையை வெறுமையாக வைத்து, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறுக்கே ஓடிவரும் தண்டுகளைக் கொத்தி எடுக்க வேண்டும். கொத்திய தண்டை ஓரத்தில் குவிக்கக் கூடாது. ஒரு கணு மண்ணைத் தொட்டாலும் வேர் விடும். சாக்கில் கட்டி வெயிலில் காயவைத்த பிறகுதான் உரக்குழிக்குப் போக வேண்டும்.