"400 ஃபிலிம்தானே, ஒன்றும் ஆகாது" என்று விமான நிலைய ஸ்கேனருக்குள் விடுகிறவர்களுக்கு

பயணம் போய் வந்தவரின் கறுப்பு வெள்ளை ரோல் இன்னொன்று பாழாகி என் கைக்கு வந்திருக்கிறது. பிரேமுக்கும் பிரேமுக்கும் இடையில் ஏறக்குறையத் தெளிவாக இருக்க வேண்டிய இடம் மொத்தமும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது; இதைத்தான் ஃபாக் என்கிறோம். ஃபிலிம் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் கோளாறு இல்லை; அதே டாங்கில் கூடவே கழுவிய உள்ளூர் ரோல் சுத்தமாக இருக்கிறது. விசாரித்தால் வழக்கமான பதில்தான்: "800க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று போட்டிருந்ததே!"

அந்த 800, ஃபிலிமின் வேகத்தை (ஐஎஸ்ஓ) வைத்துப் பழைய எக்ஸ்ரே கருவிகளுக்குப் போட்ட கணக்கு. கைப்பையை ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பும் கருவிகள் அவை. இரண்டு மூன்று தடவை போனாலும் டிரை-எக்ஸ், எச்பி5 போன்ற 400 ஃபிலிம்கள் தாங்கிக்கொள்ளும். இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கே சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. பையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் கருவி அது. அதற்குள் போகும் ஃபிலிமுக்கு 800 என்ற எல்லைக்கோடு கிடையாது. 400க்கும் பாதுகாப்பு கிடையாது, 100க்கும் கிடையாது. வேகம் குறைந்த ஃபிலிமில் பாதிப்பு குறைவாகத் தெரியலாம், அவ்வளவுதான். சிடிக்குள் விடவே விடாதீர்கள் என்று கோடாக்கே சொல்கிறது. லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்கிறார்களா? பெரும்பாலும் அது சிடிதான். அங்கேயே நில்லுங்கள்.

"படம் எடுத்து முடித்த ரோல்தானே" என்பார்கள். டெவலப் ஆகும்வரை அது கன்னி ரோலைப் போலவே கெடும். "கறுப்பு வெள்ளைதானே" என்பவர்களும் உண்டு. வண்ணமோ கறுப்பு வெள்ளையோ, உள்ளே இருப்பது வெள்ளி உப்புதான்.

கழுவிய நெகடிவை ஸ்கேன் செய்தபின் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது அடுத்த நம்பிக்கை. காண்ட்ராஸ்டை ஏற்றலாம், பிரிண்ட் போட்டால் காண்ட்ராஸ்ட் கூடிய கிரேடுக்குப் போகலாம். ஆனால் அதிகாலைச் சந்தையில் விளக்கின் பின்னால் நின்ற வியாபாரியின் முகம், ரயில் பெட்டியின் இருட்டு மூலையில் தூங்கிய குழந்தை எல்லாம் நெகடிவின் மெல்லிய பகுதியில் இருப்பவை. ஃபாக் முதலில் விழுங்குவது அந்தப் பகுதியைத்தான். தெருவையும் அன்றாட மனிதர்களையும் எடுப்பவர்களுக்கு அதைவிட்டால் மிச்சம் என்ன?

செக்-இன் பெட்டியில் கழுவாத ஃபிலிமை ஒருபோதும் வைக்காதீர்கள். அங்குள்ள கதிர் இன்னும் கடுமையானது. ஈயப் பையை நம்பாதீர்கள். திரையில் கறுப்பாகத் தெரிந்தால் பையைத் திரும்ப உள்ளே தள்ளுவார்கள். ரோல்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே தெரியும் ஜிப் பையில் போட்டு, வரிசைக்குச் சீக்கிரமே போய், கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். அவர்களுக்கும் அவசரம் இருக்கும். கத்தினால் காரியம் நடக்காது. டெல்டா 3200 மாதிரி வேகம் மிகுந்த ஒரு ரோலை மேலே தெரியும்படி வையுங்கள், பேச்சு சுலபமாகும். பாதி எடுத்த ரோலைக் கேமராவுக்குள் வைத்துக்கொண்டு சோதனைக்குப் போகாதீர்கள், தயவுசெய்து. முடித்துச் சுருட்டி எடுத்துவிடுங்கள். சில இடங்களில் முடியாது என்று மறுத்துவிடுவார்கள். நீண்ட பயணமென்றால் போகும் ஊரிலேயே ஒரு லேபைப் பார்த்துக் கழுவிவிடுவது நல்லது. கழுவிய நெகடிவை எந்தக் கருவியும் ஒன்றும் செய்யாது.

சிடிக்குள் போய்விட்டதா? மறைக்காமல் சொல்லுங்கள், ரோலின் மேலேயே எழுதுங்கள். 400 ஃபிலிமை 1600இல் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்ட, அதாவது புஷ் செய்ய, டெவலப்பரில் நேரம் கூட்டும்போது ஃபாக்கும் சேர்ந்தே ஏறும். எவ்வளவு கூட்டலாம் என்பதை ரோல் டாங்கில் இறங்குவதற்கு முன்பே நான் முடிவு செய்தாக வேண்டும்.