சொக்லேட்டில் பூத்த சாம்பல்

முழங்காவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நத்தாருக்கெனப் பனங்கட்டிப் பாகில் கச்சான் உருண்டை பிடித்து, கடைச் சொக்லேட்டை உருக்கி அதில் தோய்த்து வைத்தாராம். தோய்த்தபோது பளபளத்தவை நாலைந்து நாளில் சாம்பல் பூத்துவிட்டன. பூஞ்சணம் என்கிறார் அவர். கண்ணூறு என்கிறார் மாமியார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டிருந்தால் மினுக்கம் நின்றிருக்குமா என்பவை அவரது கேள்விகள்.

தாராளமாகக் கொடுக்கலாம். பூஞ்சணம் வளர நீர் வேண்டும். சொக்லேட்டில் அது இல்லை என்றே சொல்லலாம். கண்ணூறைப் பொறுத்தவரை, செத்தல் மிளகாய் விற்கிற விலைக்கு அதைச் சுற்றி அடுப்பில் போடுவதைவிட ஒரு வெப்பமானி வாங்குவது இலாபம்.

சொக்லேட் என்பது கொக்கோ வெண்ணெய்க்குள் சீனித் துகளும் கொக்கோத் துகளும் பரவிக் கிடக்கும் ஒரு கலவை. மினுக்கம், சடக்கென்ற முறிவு, வாயில் கரைதல் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த வெண்ணெய்தான். வேடிக்கை என்னவென்றால், அது ஆறு விதமாக உறையக்கூடியது. 1966இல் வில்லே, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஆறு பளிங்கு வகைகளுக்கும் எண் கொடுத்தார்கள். முதலாவது 17 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். நான்காவது 27, 28 வரை தாங்கும். ஐந்தாவது ஏறத்தாழ 34, ஆறாவது 36. நமக்கு வேண்டியது ஐந்தாவது: விரலில் திடமாக நின்று, 37 பாகை வாயில் உருகுவது அதுதான்.

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை உருகுநிலை? கொக்கோ வெண்ணெயின் பெரும்பாலான மூலக்கூறுகளில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் உள்ளன. ஓரத்திலுள்ள இரண்டும் நேரானவை. நடுவிலுள்ள ஒலேயிக் அமிலம் இடையில் வளைந்தது. அவசரமாகக் குளிர்ந்தால் வளைந்ததும் நேரானதும் கலந்தபடியே உறைந்துவிடும். அதற்கு அதிக ஒழுங்கு தேவையில்லை. ஆகவே கீழ்வகைகள் விரைவில் பிறக்கின்றன. ஐந்தாம் வகையிலோ நேரானவை நேரானவற்றோடும் வளைந்தவை வளைந்தவற்றோடும் தனித்தனி அடுக்காகச் சேர்கின்றன. திருவிழா முடிந்ததும் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி அடுக்குவது போன்ற நெருக்கம் அது. நெருக்கம் கூடினால் பிரிக்க வெப்பமும் கூட வேண்டும். ஆனால் அந்த ஒழுங்கு தானாக வர நேரம் எடுக்கும். அதற்குள் கீழ்வகைகள் முந்திவிடும்.

இந்த ஓட்டப்பந்தயத்தை வீட்டிலேயே திருத்தி எழுதலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கடைச் சொக்லேட் ஏற்கனவே ஐந்தாம் வகையில் உறைந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ச் சட்டிக்கு மேல் வைத்து 45 பாகைக்கு உருக்கினால் பழைய பளிங்கு எதுவும் மிஞ்சாது. (ஒரு துளி தண்ணீரும் உள்ளே தெறிக்கக் கூடாது, சீனித் துகள்கள் ஈரத்தில் ஒட்டி, எல்லாம் களியாகிவிடும்.) இறக்கி, மீதிப் பங்கைச் சீவிப் போட்டுக் கிண்டுங்கள். அந்தச் சீவல்கள்தான் விதை. 31, 32 பாகைக்கு வந்ததும் நிறுத்துங்கள். அந்த வெப்பத்தில் நான்காம் வகையும் அதற்குக் கீழானவையும் நிற்கவே முடியாது. ஐந்தாவது மட்டும் உயிரோடிருக்கும். கிண்டக் கிண்ட அந்தப் பளிங்குகள் உடைந்து பெருகிக் கலவை முழுவதும் பரவுகின்றன. பிறகு உறையும் கொழுப்பெல்லாம் அவற்றின் ஒழுங்கையே பின்பற்றும். பாற்சொக்லேட்டுக்கு ஓரிரு பாகை குறைவு. வெப்பமானி இல்லையென்றால் கீழுதட்டில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். இலேசாகக் குளிர்ந்தால் பதம். தோய்க்கும் வேலையை மழைக்கால இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. வன்னியின் பகல் வெக்கையில் பூச்சு இறுக மறுக்கும்.

வாசகியின் உருண்டைகளில் விதை இல்லை. கீழ்வகையில் உறைந்த கொழுப்பு, நாளடைவில் தானே மேல்வகைக்கு மாறும்போது மேற்பரப்பில் முரட்டுப் பளிங்குகளாக வெளிப்படுகிறது. அவை ஒளியைச் சிதறடிப்பதே சாம்பல் நிறம். விரலால் தேய்த்தால் மறைந்துவிடும். மறையாமல் சொரசொரத்தால் அது வேறு: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது மார்கழி ஈரக்காற்று மேலே வியர்த்து, சீனியைக் கரைத்து மீண்டும் உறைய வைத்திருக்கிறது.

கச்சானுக்கும் இதில் பங்குண்டு. அதன் எண்ணெய் மெல்ல வெளியே ஊர்ந்து, பூச்சிலுள்ள கொழுப்பை இளக்கி, சாம்பல் பூப்பதை விரைவுபடுத்தும். பாகு ஓரளவு மறிக்கும். எவ்வளவு என்பதை யாராவது எங்கள் வெப்பத்தில் அளக்க வேண்டும். பாடநூல்கள் அறைவெப்பம் என்று சொல்வது 20 பாகையை. அப்படி ஓர் அறை கிளிநொச்சியில் குளிரூட்டி போட்டால்தான் கிடைக்கும். அங்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, வன்னி மண்ணில் கச்சான் விளைகிறது, பனங்கட்டியும் இருக்கிறது. இத்தகைய சிறு ஆய்வுக்குக் காசு ஒதுக்காமல் கருத்தரங்கு மேடைக்கும் பொன்னாடைக்கும் செலவழிப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

இவ்வளவு பாடுபடப் பொறுமை இல்லாதவர்கள் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக மரக்கறிக் கொழுப்பு சேர்த்த சொக்லேட்டை வாங்கலாம். உருக்கித் தோய்த்தால் போதும். சுவைதான் சற்று மெழுகு.

தேங்காயெண்ணெய் வேண்டாம். அது 24 பாகையளவிலேயே உருகுவது. கொக்கோ வெண்ணெயோடு கலந்தால் அதன் உருகுநிலையையும் கீழே இழுத்துவிடும். அன்று மினுங்கும், மறுநாள் நண்பகலில் விரலில் ஒட்டும். ஐஸ்கிரீமின் மேல் ஊற்றும் சொக்லேட்டுக்கு மட்டும் தயங்காமல் விடுங்கள். அந்தக் குளிரில் அது நொடியில் இறுகிவிடும்.