வால்பாறை போய் வந்த பத்தாம் நாள் காய்ச்சல்

மழை விட்டிருந்த ஒரு நவம்பர் மாதம். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை ஆறு நாள் காய்ச்சலோடு சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூச்சு வாங்கியது. கணவர் கையில் ஒரு கட்டு ரிப்போர்ட். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, தட்டணுக்கள் குறைவு, கல்லீரல் என்சைம்கள் கூடுதல். வீட்டில் பப்பாளி இலைச் சாறு கொடுத்திருந்தார்கள். இரண்டு வகை ஆன்டிபயாடிக் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

"எங்கேயாவது வெளியூர் போனீங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்க டாக்டர்" என்றார் கணவர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வால்பாறை வெளியூர் இல்லை என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "காடு, மலை, எஸ்டேட் பக்கம்?" என்று கேள்வியை மாற்றினேன். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வால்பாறை போயிட்டு வந்தோங்க."

செவிலியரோடு சேர்ந்து உடல் முழுக்கத் தேடினோம். சுடிதார் நாடா அழுந்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே அது தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ்.

நாளிதழ்களில் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர்கள் நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. ஒரு வகைச் சிலந்திப்பேனின் இளம்பருவம். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு கூட இராது, கண்ணுக்குத் தெரியாது. அது கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா நம் உடலுக்குள் போகிறது. கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும், பெரும்பாலும் பத்து நாளை ஒட்டி. அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும்.

மழைக்காடு என்றதும் நாம் பயப்படுவது அடர்ந்த உட்காட்டுக்கு. இந்தப் பூச்சி அதிகம் இருப்பது ஓரத்தில்தான். காடும் தேயிலைத் தோட்டமும் சேரும் இடம், சாலையோரப் புல், புதர், ஓடைக்கரை. அதாவது நாம் வண்டியை நிறுத்தி, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்காரும் இடம். இது இயல்பாகக் கடித்து உணவு எடுப்பது எலிகளின் உடலில். மீதிச் சோற்றைப் புதரில் கொட்டிவிட்டு வந்தால் எலி வரும், எலியோடு இதுவும் வரும். சாலையோரத்தில் சோலைமந்திகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள் என்று வனத்துறை சொல்வது குரங்குகளுக்காக. சோற்றைக் கொட்டாதீர்கள் என்று நான் சொல்வது, உங்களுக்குப் பிறகு அங்கே வந்து உட்காரப்போகும் குடும்பத்துக்காக.

எல்லோரும் என்னிடம் கேட்பது அட்டையைப் பற்றித்தான். அட்டை பார்க்கத்தான் அருவருப்பு, பெரிய ஆபத்து இல்லை. நகத்தால் அதன் வாயோரத்தை நெம்பினால் விட்டுவிடும். உப்பு, நெருப்பு வேண்டாம். அது குடித்ததைக் காயத்திலேயே கக்கக்கூடும். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் கசிவு நீளும், அவர்கள் அட்டை சாக்ஸ் (அட்டை கடிக்காமல் தடுக்கும் நீளமான காலுறை) இல்லாமல் இறங்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த பூச்சி விரட்டியைத் தோலில் தடவுங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். தடிமனான விரிப்பு ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். அருவியில் நனைந்த துணியைப் புதர்மேல் உலர்த்தும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது வேண்டவே வேண்டாம். அன்று இரவே, எவ்வளவு குளிராக இருந்தாலும், சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள். இதற்குத் தடுப்பூசி கிடையாது என்பதால் இவைதான் நம் கையில் இருப்பவை.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கண்ணாடி முன் நின்று அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும், காதின் பின்னாலும். ஈரம் தங்கும் இடங்களில் கருப்புப் பொருக்கு இல்லாமல் வெளிறிய சிறு புண்ணாகவும் இருக்கலாம். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. முதல் சில நாளில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ் என்று வரக்கூடும், அந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க நம் உடல் தயாரிப்பது) உருவாக ஒரு வாரம் வரை பிடிக்கும்.

இத்தனை பயமுறுத்தும் நோய்க்கு மருந்து டாக்சிசைக்ளின் என்ற மிகச் சாதாரண மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். பாக்டீரியா நம் செல்லுக்குள் ஒளிந்திருப்பதால், பென்சிலின் வகை மருந்துகளை எத்தனை கொடுத்தாலும் பலன் இல்லை. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. அதற்காக யாரும் தானே மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

அந்தப் பெண் ஐந்து நாள் ஐசியுவில் இருந்து வீடு திரும்பினார். டெங்குவும் இதுவும் நம் ஊரில் ஒரே பருவத்தில்தான் வருகின்றன, ரிப்போர்ட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: "இந்தத் தேதியில் காட்டுப் பக்கம் போயிருந்தேன்."