மென்னீராக்கி குரோமியத்தைப் பிடிக்காது

மட்டக்களப்பின் கரையோர மணற்பகுதியில், முலாம் பூசும் சிறு பட்டறையொன்றின் பின்வேலியோடு ஒட்டிய வளவின் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்தேன். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளில் அமிலத்தையும் டைபீனைல்கார்பசைட்டையும் இட்டதும், இரண்டு சோதனைக் குழாய்களும் ஒரே அளவில் கத்தரிப்பூ நிறமாயின. நீரில் அறுவலுக் குரோமியம் இருப்பதன் அடையாளம் அது; வடிகட்டி அதைக் குறைக்கவேயில்லை. “மெசின் பூட்டினாப் பயமில்ல எண்டுதானே தம்பி சொன்னாங்க?” என்று அந்த அக்கா கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கம் பலருக்கும் தேவைப்படும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

அவருக்கு விற்கப்பட்டிருந்தது, நீரின் கடினத்தன்மையை நீக்கும் சாதாரண மென்னீராக்கி. அதிலுள்ள பிசின் எனப்படும் சிறு செயற்கை மணிகள், கல்சியம், மகனீசியம் போன்ற நேரேற்றமுடைய அயன்களைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கின்றன. ஆனால் நச்சுத்தன்மை மிக்க அறுவலுக் குரோமியமோ கிணற்று நீரில் குரோமேற்று என்னும் மறையேற்ற அயனாகவே இருக்கிறது. ஆகவே அந்தப் பிசின் மணிகளிடையே அது தடையின்றி ஓடிப்போய்விடும். அதைப் பிடிக்க வேண்டுமானால், குளோரைட்டைக் கொடுத்துக் குரோமேற்றை வாங்கிக்கொள்ளும் வன்கார அன்னயன் பிசினே (மறையேற்ற அயன்களைப் பிடிக்கும் வகை) வேண்டும். வாங்கும்போது “எந்த வகைப் பிசின்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வழங்கியுள்ள வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் நிறமோ சுவையோ தெரியாது. நீர் மஞ்சளாகத் தெரியும்போது அளவு அதைப் பல மடங்கு தாண்டியிருக்கும். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகுமே தவிரக் குரோமியம் போகாது. மீதி நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

சரியான பிசினைப் போட்டாலும் எங்கள் மண்ணுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. வாவியை அண்டிய உவர்க் கிணறுகளில் குளோரைட்டும் சல்பேற்றும் அதிகம் இருப்பதால் அவை குரோமேற்றோடு இடத்துக்குப் போட்டியிடும். பிசின் எதிர்பார்த்ததைவிட விரைவில் நிறைந்துவிடும். இரும்புள்ள நீரானால், முதலில் காற்றூட்டி மணலில் வடித்த பின்னரே பிசினுக்கு விடவேண்டும். இல்லையேல் மணிகளில் துரு படிந்துவிடும். எனவே வெளிவரும் நீரைக் குறித்த இடைவெளியில் பரிசோதிக்காமல் இம்முறையை நம்ப முடியாது. அந்த அக்காவுக்கு நான் முதலில் சொன்னது, குடிக்கவும் சமைக்கவும் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீரையே எடுக்கும்படிதான்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது கழிவு உப்புநீர். நிறைந்த பிசினை உப்புக் கரைசலால் கழுவும்போது, பல நாட்களாகச் சேர்ந்த குரோமேற்று முழுவதும் சில வாளி மஞ்சள் நீரில் திரண்டு வெளிவரும். அதை வாழையடியில் ஊற்றினால், இந்த மணலில் அது தங்காது. ஊற்றியவரின் கிணற்றுக்கோ அடுத்த வளவின் கிணற்றுக்கோ இறங்கிவிடும். ஆகவே இந்தப் பிசினை வீட்டில் கழுவ நான் யாருக்கும் இடங்கொடுப்பதில்லை. உருளையோடு கழற்றி எடுத்துவந்து, கழுவிய நீரை பிளாஸ்ரிக் பீப்பாயில் சேர்த்து, அமிலமாக்கிச் சோடியம் மெற்றாபைசல்பைற்றை இடுவோம். செம்மஞ்சளாக மாறியிருந்த நீர் பச்சையாகும். அறுவலுக் குரோமியம், நச்சு மிகக் குறைந்த மூவலுக் குரோமியமாக மாறியதன் அடையாளம் அது. பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் சாம்பற்பச்சைச் சேறாக அடியில் படியும். தெளிந்த நீரை மறுபடி பரிசோதித்து, சேற்றை, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற கழிவகற்றுநரிடம் ஒப்படைக்கிறோம்.